திருச்சூருக்கு ஒரு கணக்கு, ஆரியசாலைக்கு ஒரு கணக்கா?

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டு வரும் தெய்வங்களில் வேளிமலை குமாரசுவாமி வந்து தங்குவது எங்கள் ஆரியசாலை பகவதி கோயிலில் என்பது வாசகர்கள் அறிந்ததே. கடந்த நவராத்திரியில் ஒரு மாலை தரிசனம் முடித்து வெளியே வந்து நின்றேன். தெரு முழுக்க சீரியல் விளக்கு. பக்கத்தில் மாவு மில் நடத்தும் அண்ணாச்சி வந்து நின்றார். நெற்றியில் திருநீறு, கையில் பிரசாதம், சட்டைப் பையில் கரண்டு பில்.

"என்ஜினீயர் சார், நாரோயில்ல என் தங்கச்சி வீட்டுக்கு நூறு யூனிட் சும்மா குடுக்கான். திருச்சூர்ல கார்ப்பரேஷனே கரண்டு விக்கான்னு சொல்லுதாங்க. நம்ம மட்டும் ஏன் சார் இப்படிக் கெட்டி அழணும்? கார்ப்பரேஷன்ல ஒரு மனு போடுவோம். நம்ம ஊருக்குன்னு ஒரு ரேட்டு பேசி வாங்கட்டும். இருநூறு கையெழுத்து நான் வாங்கித் தாரேன்."

மனுவை எழுதித் தருவது என் பொறுப்பு என்று அவரே முடிவு செய்துவிட்டார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டில் வந்து உட்கார்ந்து எழுத முனைந்தபோதுதான் சங்கடம் புரிந்தது. யாரிடம் கேட்பது, எந்த உரிமையில் கேட்பது, கேட்டுக் கிடைத்தால் அந்தப் பணம் யார் பையிலிருந்து வரும் என்ற மூன்றுக்கும் எனக்கு ஒழுங்கான பதில் தெரியவில்லை. முப்பத்தாறு வருடம் ரயில்வே மின்பிரிவில் வேலை பார்த்தவன் நான். டிப்ளமா படித்து சேர்ந்து சீனியர் செக்‌ஷன் என்ஜினீயராக ஓய்வு பெற்றேன். கடைசிப் பன்னிரண்டு வருடம், ரயில் ஓட்டும் மின்சாரத்தை வாரியத்திடமிருந்து வாங்கும் துணை மின்நிலையங்களில்தான் கழிந்தது. மாதாமாதம் வாரிய ஊழியரோடு சேர்ந்து மீட்டர் படித்துக் கையெழுத்துப் போட்ட கை இது. அப்படியிருந்தும் தெரியவில்லை. பிறகு விசாரித்தும் படித்தும் அறிந்ததை நமது சங்கத்து அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரை.

முதலில் நாகர்கோவில் தங்கையின் நூறு யூனிட். இதில் நமக்கு மனத்தாங்கல் வருவது இயல்பு, ஏனென்றால் ஒரு காலத்தில் நாகர்கோவிலும் ஆரியசாலையும் ஒரே மின் இலாகாவின் கீழ் இருந்தவை. திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வந்தது 1929-ல். அந்த மின்நிலையத்தின் ஞாபகமாகத்தான் நம் சாலைக் கடைவீதிக்குப் பக்கத்தில் பவர் ஹவுஸ் ரோடு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. 1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் திருவிதாங்கூர் முழுவதற்கும் அது ஊற்றுக்கண்ணாயிற்று. 1956 நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1957-ல் இந்தப் பக்கம் கேரள மாநில மின்சார வாரியம், அந்தப் பக்கம் சென்னை மாநில மின்சார வாரியம் என்று இரண்டு வாரியங்கள் அமைந்தன. களியக்காவிளைக்கு அப்பால் ஒரு பில், இப்பால் ஒரு பில் ஆனது அப்போதுதான்.

தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் கட்டணமில்லை. இது பேரம் பேசிக் குறைத்த விலை அல்ல. மின்சாரத்தின் விலை அங்கும் விலைதான். அதை வீட்டுக்காரருக்குப் பதிலாக அரசு கட்டுகிறது. 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரு மாநில அரசு யாருக்காவது சலுகை தர விரும்பினால் அந்தத் தொகையை முன்கூட்டியே மின் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே தங்கையின் நூறு யூனிட்டுக்குப் பணம் அரசு கஜானாவிலிருந்து போகிறது. கஜானாவில் இருப்பது யார் பணம் என்பதை அண்ணாச்சிக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வரி கட்டுகிறவர் அவர்.

திருச்சூர்க் கதை வேறு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் நம் தமிழர் ஒருவருக்கும் பங்கு உண்டு.

அப்போது திருச்சூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. 1935-லிருந்து 1941 வரை கொச்சியின் திவானாக இருந்தவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானாரே, அவரேதான். 1936-ல் திருச்சூர் நகரத்துக்கு மின்விநியோகம் செய்யும் உரிமையைத் தனியார் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்க அவர் முடிவு செய்தார். ஊர் கொதித்தது. விளக்கு எரிவது எங்கள் தெருவில், லாபம் மட்டும் கம்பெனிக்கா, நகராட்சியே நடத்தட்டுமே என்பது மக்களின் வாதம். இ. இக்கண்ட வாரியர், டாக்டர் ஏ.ஆர். மேனன், சி.ஆர். இய்யுண்ணி முதலியோர் தலைமையில் கிளர்ச்சி நடந்தது. கேரள சரித்திரப் புத்தகங்களில் இதற்கு மின்சாரக் கிளர்ச்சி என்றே பெயர். மதபேதமில்லாமல் ஊரே திரண்டதும், கிறிஸ்தவர்கள் பெருமளவில் கலந்துகொண்டதும் அதன் சிறப்பு என்று எழுதியிருக்கிறார்கள். கரண்டு விஷயத்துக்காக ஓர் ஊர் தெருவில் இறங்கியது அந்தக் காலத்தில் சாதாரண காரியமில்லை. பாதி வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம் அது.

கிளர்ச்சி உடனே ஜெயிக்கவில்லை. திவான் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. 1937-ல் கம்பெனி வேலையைத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த எண்ணம் ஊரில் அழியாமல் இருந்தது. பிற்காலத்தில் விநியோக உரிமை நகராட்சியின் கைக்கே வந்து சேர்ந்தது. தலைவர்களும் சோடை போகவில்லை. இக்கண்ட வாரியர் கொச்சியின் பிரதம மந்திரியாக இருந்தார். டாக்டர் மேனன் 1957-ல் அமைந்த கேரளத்தின் முதல் மந்திரிசபையில் சுகாதார மந்திரியானார்.

இன்றைக்கும் கேரளத்தில் சொந்தமாக மின்விநியோகம் செய்யும் உள்ளாட்சி அமைப்பு திருச்சூர் கார்ப்பரேஷன் ஒன்றுதான். அதுவும் முழு நகருக்கும் அல்ல. பழைய நகராட்சி எல்லையான சுமார் பன்னிரண்டு சதுர கிலோமீட்டருக்கு மட்டும். 2000-ல் கார்ப்பரேஷன் ஆனபோது சேர்ந்த பஞ்சாயத்துப் பகுதிகளுக்கு வாரியமே மின்சாரம் தருகிறது. ஒரே மேயர், ஒரே கார்ப்பரேஷன், இரண்டு மின்சாரம்.

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம். திருச்சூர்க்காரர் நம்மைவிடக் குறைந்த கட்டணம் கட்டுகிறாரா? இல்லை. இதுதான் எனக்கும் வியப்பாக இருந்தது. கட்டணத்தை நிர்ணயிப்பது கார்ப்பரேஷனும் அல்ல, வாரியமும் அல்ல. 2002-ல் அமைந்த கேரள மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அது. மாநிலம் முழுவதற்கும் வீட்டுக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு, தொழிலுக்கு இவ்வளவு என்று ஒரே பட்டியலை அது வெளியிடுகிறது. திருச்சூர் சுவராஜ் ரவுண்டில் இருக்கும் கடைக்கும் சாலைக் கடைவீதியில் இருக்கும் கடைக்கும் ஒரே வீதம்.

அப்படியானால் திருச்சூருக்கு என்ன லாபம்? கார்ப்பரேஷன் வாரியத்திடம் மின்சாரத்தை மொத்தமாக வாங்குகிறது, மக்களிடம் சில்லறையாக விற்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் கம்பி, டிரான்ஸ்பார்மர், ஆட்கள் செலவு எல்லாம் போக மிஞ்சுவது நகரத்திலேயே தங்குகிறது. பில் குறையாது, பணம் ஊரைவிட்டுப் போகாது. அவ்வளவுதான் வித்தியாசம். மளிகைக் கடை நடத்தும் நம் அன்பர்களுக்கு இது உடனே புரியும். எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கும் பொருளில் கடைக்காரர் விலையைக் குறைப்பது வேறு, கொள்முதலில் லாபம் பார்ப்பது வேறு.

அந்தக் கொள்முதல் விலையில்தான் உண்மையான பேரம் நடக்கிறது. அதுவும் ஆணையத்தின் முன்னால், வக்கீலும் கணக்கரும் வைத்து. இப்படி மொத்தமாக வாங்கி விற்பவர்கள் கேரளத்தில் வேறு சிலரும் உண்டு. நம்மூர் டெக்னோபார்க், கொச்சித் துறைமுகம், மூணாறில் கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனி முதலியவை. எல்லோருக்கும் ஒரே மொத்த விலை என்றால் என்ன ஆகும்? ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு நகரத்தில் பெரிய கடைகளும் ஆபீசுகளும் அதிகம். சராசரியாக யூனிட்டுக்கு 9 ரூபாய் வசூலாகிறது. மலைமேல் ஒரு தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பே அதிகம். சராசரி 6 ரூபாய்தான். மொத்த விலை இரண்டுக்கும் 6 ரூபாய் என்றால் நகரம் 3 ரூபாய் சம்பாதிக்கும். தோட்டம் கம்பி மாற்றவும் காசில்லாமல் நிற்கும். அதனால் ஒவ்வொருவருடைய வரவையும் செலவையும் தனித்தனியே பார்த்து, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு மொத்த விலையை ஆணையம் வைக்கிறது. நகரத்தின் கொழுத்த லாபத்தை அப்படியே வைத்துக்கொள்ள விடுவதில்லை. திருச்சூரைப் பார்த்து நாமும் கேட்போம் என்று மனு எழுதப் புறப்பட்ட எனக்கு இந்த இடத்தில் பாதி உற்சாகம் போய்விட்டது.

ஆனாலும் மொத்தமாக வாங்குகிறவர் விலையைக் குறைக்கவே முடியாதா என்றால், முடியும். அதற்கு விநயம் போதாது, மின்சாரத்தை எப்படி வாங்குகிறோம் என்ற லட்சணம் வேண்டும். இதை ரயில்வேயில் கற்றேன்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு பேர் வருகிறார்கள். நூறு நூறாக வந்தால் நூறு இலை போடும் இடம் போதும். பரிமாற எட்டுப் பேர் போதும். முந்நூறு பேரும் ஒன்றாக வந்து உட்கார்ந்தால் பெரிய மண்டபம் பிடிக்கவேண்டும், முப்பது பேரை வைக்கவேண்டும். சாப்பிட்ட சோறு ஒன்றுதான். செலவு ஒன்றா? மின்சாரமும் அப்படியே. எத்தனை யூனிட் எரித்தாய் என்பது சோறு. ஒரே சமயத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தாய் என்பது மண்டபம். பெரிய நுகர்வோருக்கு வாரியம் இரண்டுக்கும் தனித்தனியே பணம் வாங்குகிறது. உச்சத் தேவை என்று அதற்குப் பெயர், கே.வி.ஏ. கணக்கில் மீட்டரே குறித்து வைத்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் எழுதிய அளவைத் தாண்டினால் கூடுதல் வீதம்.

ஒரு மாதம் நடந்தது சொல்கிறேன், இடம் வேண்டாம். மேலே ஓடும் கம்பியில் பராமரிப்பு வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தி வாங்கியிருந்தோம். குறித்த நேரத்தில் முடிக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் அதிகமாயிற்று. தவறு என் ஆட்களுடையது, அதாவது என்னுடையது. அந்த இருபத்தைந்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மின்சாரம் கொடுத்ததும் எல்லா வண்டியும் ஒன்றாகப் புறப்பட்டன. நின்ற வண்டியை நகர்த்தத்தான் மின்சாரம் அதிகம் இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊசி ஏறிய ஏற்றத்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரை மணிக்காக அந்த மாதம் முழுவதற்கும் ரயில்வே அதிகப் பணம் கட்டியது. மேலதிகாரி என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. பில்லின் நகலை மட்டும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை என் பிரிவில் ஒரு நிமிடம்கூட அதிகம் எடுத்ததில்லை.

யூனிட், உச்சம் இரண்டும் போக மூன்றாவதாக ஒன்று உண்டு. டீக்கடையில் ஆற்றித் தரும் டீயில் மேலே நுரை நிற்கிறதல்லவா? டம்ளர் நிறைய இருக்கிறது, ஆனால் டீ முக்கால்தான். மோட்டாரும் பழைய டியூப்லைட்டு சோக்கும் அப்படித்தான் மின்சாரத்தை வாங்குகின்றன. கம்பி முழு டம்ளரைச் சுமக்கிறது, வேலை செய்வது முக்கால்தான். சரியான அளவு கபாசிட்டர் மாட்டினால் நுரை அடங்கும். பெரிய நுகர்வோர் இதைச் சரியாக வைத்திருந்தால் பில்லில் தள்ளுபடியே உண்டு. பேரம் பேசாமல் கிடைக்கும் தள்ளுபடி இது.

ரயில்வே பேரமும் பேசியிருக்கிறது, அது பெரிய கதை. பல மாநில வாரியங்கள் ரயிலுக்கு யூனிட் ஆறு ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தன. மின்சாரச் சட்டப்படி தாங்களும் உரிமம் பெற்ற விநியோகஸ்தர் போலத்தான் என்று ரயில்வே வாதாடியது. 2014-ல் மத்திய மின்துறை அதை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தது. 2015 நவம்பரில் மத்திய ஒழுங்குமுறை ஆணையமும் அதை ஏற்றது. அதே மாதக் கடைசியில் மகாராஷ்டிரத்தில் ரத்னகிரியில் உள்ள எரிவாயு மின்நிலையத்திலிருந்து, பழைய என்ரான் நிலையம்தான், யூனிட் சுமார் 4 ரூபாய் 70 காசுக்கு ரயில்வே நேராக வாங்கத் தொடங்கியது. டெல்லி மெட்ரோவும் 2019 முதல் மத்தியப் பிரதேசத்து ரேவா சூரியமின் நிலையத்திலிருந்து நேராக வாங்குகிறது. வாங்குகிறவருக்கு வேறு கடை உண்டு என்ற நிலை வந்தபிறகுதான் விலை இறங்கியது. வாரியங்கள் சும்மா இருக்கவில்லை. நல்ல வாடிக்கையாளர் போனால் ஏழை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் சலுகைக்கு யார் பணம் தருவது என்று வழக்குப் போட்டன. அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

நகரமே இப்படிச் செய்ய முடியுமா? அமெரிக்காவில் செய்கிறார்கள். சிகாகோ நகரத்தில் 2012 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதி கொடுத்தார்கள். நகரசபை லட்சக்கணக்கான வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஆளாக நின்று விலை கேட்டது. இன்டெக்ரிஸ் என்ற கம்பெனி பழைய விலையைவிடக் குறைத்துத் தர முன்வந்தது. 2013-லிருந்து வீடுகளுக்குப் பில் குறைந்தது. ஆனால் கம்பி பழைய கம்பெனியான காம் எடிசனுடையதுதான். மின்சாரம் மட்டும் புதிய ஆளுடையது. பிறகு என்ன ஆயிற்று? சந்தை விலை மாறியது. பழைய கம்பெனியின் விலையே இறங்கிவிட்டது; ஒப்பந்தத்தில் ஆதாயம் இல்லாமல் போய் 2015-ல் நகரம் அதைக் கைவிட்டது. என் தம்பி மகன் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறான். "சித்தப்பா பெரியப்பா எல்லோரும் கேட்கிற மாதிரி பெரிய மிச்சமெல்லாம் இல்லை, பெரியப்பா. இரண்டு வருடம் கொஞ்சம் மிச்சம்" என்றான்.

நம் நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு அந்த வழி இல்லை. கம்பி ஒருவர், மின்சாரம் வேறொருவர் என்று பிரித்து வாங்கும் உரிமை பெரிய நுகர்வோருக்கு மட்டும் உண்டு. ஒரு மெகாவாட்டுக்கு மேல் என்பது பொது விதி. காற்று, சூரியன் போன்றவற்றிலிருந்து வருவதாக இருந்தால் 2022-ம் வருட விதிகளின்படி 100 கிலோவாட் போதும். அண்ணாச்சியின் மாவு மில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கார்ப்பரேஷன் தன் கட்டடங்களுக்கும் தெருவிளக்குக்கும் எப்படிச் சிக்கனமாக வாங்கலாம் என்று யோசிக்கலாம். நம் வீட்டு பில்லில் அதற்குக் கையெழுத்துப் போடும் இடமே கிடையாது. பில்லில் நூற்றுக்குப் பத்து என்று சேரும் மின்சார வரியும் மாநில அரசுடையது.

இதற்கு மேலும் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. ஆரியசாலை போன்ற இடத்தில் மின்சாரம் தருவது மலிவான வேலை. நூறடிக்குள் பத்து வீடு, ஆறு கடை. கம்பி கொஞ்சம், இழப்பு கொஞ்சம். இடுக்கி மலையில் ஒரு லயன் வீட்டு வரிசைக்கு மின்சாரம் கொடுக்க எத்தனை கிலோமீட்டர் கம்பி இழுக்கவேண்டும், ஒவ்வொரு மழைக்கும் எத்தனை மரம் விழும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நகரமும் எங்கள் செலவு குறைவு, எங்களுக்குத் தனி விலை என்று கிளம்பினால் அந்தக் கம்பியின் செலவு முழுவதும் அந்த லயன் வீட்டின் தலையில் விழும். வண்டிப்பெரியாறிலும் மூணாறிலும் அந்த வீடுகளில் இருப்பது பெரும்பாலும் நம் தமிழ் ஜனங்கள். கேரளத்தில் நீரிலிருந்து மின்சாரம் முதலில் எடுத்ததும் அவர்கள் வேலை செய்த மலையில்தான். ஊருக்கு ஒரு ரேட்டு என்ற மனுவை எழுத என் கை ஓடவில்லை. இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பம் வேற என்னதான் சார் செய்ய?" என்றார்.

செய்வதற்கு இரண்டு உண்டு.

ஒன்று, விலை நிர்ணயமாகும் இடத்துக்கே போவது. வாரியம் கட்டணத்தை உயர்த்த விரும்பினால் கணக்கோடு ஆணையத்திடம் மனுச் செய்யவேண்டும். ஆணையம் அதைப் பொதுவில் வைத்து, பல ஊர்களில் மக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தி, பிறகுதான் உத்தரவு போடும். 2024 டிசம்பரில் சராசரி யூனிட்டுக்கு 16 காசும், 2025 ஏப்ரலில் மேலும் 12 காசும் ஏறியது இப்படி விசாரணை நடந்த பிறகே. ஆணையத்தின் ஆபீஸ் வெள்ளையம்பலத்தில், ஆரியசாலையிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். விசாரணையில் யாரும் எழுந்து பேசலாம், எழுதியும் கொடுக்கலாம். பெரிய தொழிற்சாலைகளின் சங்கங்கள் ஒவ்வொரு தடவையும் கணக்கரோடு வந்து உட்காருகின்றன. சாலைக் கடைவீதியிலிருந்து நான் விசாரித்தவரை என் பழக்கத்தில் ஒருவரும் போனதில்லை.

போனால் கேட்கவும் நியாயமான விஷயம் இருக்கிறது. கேரளத்தின் பந்தி கூடுவது மாலை ஆறு மணிக்கு மேல். வீடு முழுக்க விளக்கு, விசிறி, டி.வி., இப்போது ஏ.சி.யும் சேர்ந்துவிட்டது. 2024 மே மாதத் தொடக்கத்தில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த நேரத்து மின்சாரத்தை வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்கவேண்டியிருக்கிறது. சாலைக் கடைகளோ காலையில் திறந்து பகல் முழுக்க எரிப்பவை. சூரிய மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரம் அது. முதல் பந்தியில் அமைதியாகச் சாப்பிட்டுப் போகிறவரிடம் மூன்றாம் பந்தி நெரிசலுக்கும் சேர்த்து வாங்கலாமா என்று கேட்பதில் தப்பில்லை. இது பிச்சை அல்ல, கணக்கு.

இரண்டாவது, நம் பில்லையே படிப்பது. வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாதம் 250 யூனிட் வரை, அதாவது இரண்டு மாதப் பில்லில் 500 வரை, படிப்படியாக வீதம் ஏறும். முதல் ஐம்பதுக்கு ஒன்று, அடுத்த ஐம்பதுக்கு ஒன்று என்று. 500-ஐத் தாண்டினால் படி கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த வீதம். 499-க்கும் 501-க்கும் இரண்டு யூனிட் வித்தியாசம் என்று நினைத்திருந்தால் பில்லைப் பார்த்துத் திகைப்பீர்கள். கூட்டுக் குடும்பமாக இருந்து ஏ.சி. போடும் வீடுகளில் ஐம்பதாவது நாள் மீட்டரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடைக்காரர்கள் தங்கள் பில்லில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். வியாபாரத்துக்கு ஒரு வீதம், தொழிலுக்கு அதைவிடக் குறைந்த வீதம். அண்ணாச்சியின் பில்லை வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மாவு மில் தொழில் வகையில் வரவேண்டியது. ஆனால் அவர் பதினைந்து வருடத்துக்கு முன் மில்லின் முன்பக்கம் மசாலாப் பொடிக் கடை போட்டபோது, இன்னொரு மீட்டர் எதற்கு வீண்செலவு என்று ஒரே இணைப்பிலிருந்து கடைக்கும் கம்பி இழுத்துக்கொண்டார். ஒரே மீட்டரில் இரண்டு உபயோகம் இருந்தால் உயர்ந்த வீதம்தான் முழுவதற்கும் விழும் என்பது விதி. விதியில் தப்பில்லை, யாரும் அவரை ஏமாற்றவும் இல்லை. கடையில் இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஒரு பில்லிங் மிஷினும். அதற்காக பத்து குதிரைசக்தி மோட்டார் பதினைந்து வருடம் வியாபார வீதத்தில் ஓடியிருக்கிறது.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, அதைத் தம் சம்சாரத்திடம் சொல்லவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கடைக்குத் தனி இணைப்புக்கு விண்ணப்பம் கொடுத்து, தனி மீட்டர் வந்துவிட்டது. மோட்டாருக்குக் கபாசிட்டரும் மாற்றியாயிற்று. பழையது எப்போதோ உப்பிப் போயிருந்தது.

இருநூறு கையெழுத்துக்காக அவர் வாங்கி வைத்த நோட்டுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. அதில் இப்போது கடைக்காரர்களின் பெயருக்கு எதிரே கையெழுத்துக்குப் பதில் இணைப்பு வகை, கிலோவாட், இரண்டு மாத யூனிட், பகலா இரவா என்று நான்கு பத்தி போட்டிருக்கிறோம். இதுவரை முப்பத்தெட்டுக் கடைகள் சேர்ந்திருக்கின்றன. சங்க அன்பர்கள் தங்கள் கடைப் பில்லின் நகலை மாலை நேரத்தில் என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறேன். அடுத்த விசாரணைக்கு அந்த நோட்டோடு அண்ணாச்சியும் நானும் போவதாக இருக்கிறோம். அங்கே தமிழில் பேசலாமா என்று அவருக்கு ஒரு கவலை. நாற்பது வருடமாக சாலையில் வாய்ச்சண்டை போட்ட மலையாளம் தாராளமாகப் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.